வெட்டுவதா, கட்டுவதா, ஆவி பிடிப்பதா: புரோஸ்டேட்டுக்குப் பினாங்கில் மூன்று பேர் எடுத்த முடிவு

பினாங்குத் தீவில் எந்தக் கடைத்தொகுதியின் கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது, எங்கே வாசலில் சில்லறை கேட்பார்கள், எது சாயங்காலமே பூட்டிவிடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நான் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்த்தவன் இல்லை. தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற 67 வயதுக்காரன். புரோஸ்டேட் வீங்கிய எவனுக்கும் இந்த வரைபடம் தானாகவே மனத்தில் பதிந்துவிடும்.

எங்கள் கோப்பிக்கடை மேசையில் காலையில் நான்கு பேர் உட்காருவோம். சர்க்கரை எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பந்தாட்ட முடிவு மாதிரி உரக்கச் சொல்லிக்கொள்வோம். இந்த விஷயத்தை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஒருவர் எழுந்து பின்கட்டுக்குப் போவார், வருவார், அடுத்தவர் எழுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே ஆரம்பித்தேன். நான்கில் மூன்று பேருக்கு அதே கதை என்று அப்புறம்தான் தெரிந்தது. நான், என் மச்சான், லோரி ஓட்டும் தம்பி ஒருவர். கூடப் பிறந்தவர் இல்லை, 54 வயது என்பதால் மேசைக்கே தம்பி. ஒரே நோய்தான். ஆனால் மூன்று பேரும் மூன்று வழியில் போனோம். ஒருவருக்குச் சரியாக இருந்தது மற்றவருக்குத் தப்பாகப் போயிருக்கும். அதை எழுதி வைத்தால் இன்னொரு மேசைக்காவது பயன்படும் என்றுதான் இது.

முதலில் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப்பையின் வாயில், குழாயைச் சுற்றி ஒரு வளையம்போல உட்கார்ந்திருக்கிறது. இளவயதில் அதன் அளவு 20 மில்லி சொச்சம்; பாலிக் புலாவ் பக்கம் விற்கிற ஜாதிக்காயின் உள்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. வயதாக ஆக வளர்ந்து, சிலருக்கு முழு ஜாதிக்காய்ப் பழம் அளவுக்கே வந்துவிடும். நடுவில் போகிற குழாய் நசுங்கும். 50 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி இருக்கும். 80ஐத் தாண்டினால் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு. இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம். அதனால்தான் புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும், டாக்டர் விரலை விட்டுப் பார்க்கும் அந்தச் சங்கடமான அரை நிமிடமும். வெட்கப்பட்டு அதைத் தவிர்க்காதீர்கள். பிள்ளை பெற்ற நம் வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

அடுத்து, எண்கள். எந்த வழி என்பதை விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நம் எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் தருவார்கள். உலகம் முழுக்க அதே தாள்தான், மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்ட எனக்கு 21 வந்தது. அப்புறம் புனல் வைத்த ஒரு கருவிக்குள் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வந்தால் நல்லது, 10க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கக்கூடும். எனக்கு 8. பிறகு ஸ்கேன்: சுரப்பி எத்தனை மில்லி, போய் வந்த பிறகும் பையில் எவ்வளவு மிச்சம். என் சுரப்பி 74 மில்லி. கூடவே ‘நடு மடல்’ என்று ஒன்று பைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. இந்த நடு மடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீண்ட காலம் சர்க்கரை இருந்தால் மூத்திரப்பையின் நரம்பும் தசையும் தளர்ந்துவிடும். ஓட்டம் குறைந்ததற்கு அடைப்பு காரணமா, பையே பலவீனமா என்று புனல் கருவியால் மட்டும் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் பையின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை வேண்டும். பை தளர்ந்தவருக்கு எவ்வளவு அழகாக ஆபரேஷன் செய்தாலும் எதிர்பார்த்த ஓட்டம் வராது. இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டரைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையோடு நிற்கலாமா

பலருக்கு நிற்கலாம். இரண்டு குடும்பம் மாத்திரைகள் உண்டு. ஒன்று, மூத்திரப்பையின் கழுத்துத் தசையைத் தளர்த்துவது: டாம்சுலோசின், அல்ஃபூசோசின் போன்றவை. சில நாட்களிலேயே பலன் தெரியும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் கூடுதலாக. கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறவர்கள் இதைச் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்மணியைச் சுற்றியுள்ள தசையையும் இது தளர்த்திவிடும்.

இரண்டாவது குடும்பம் சுரப்பியையே சுருக்குவது: ஃபினாஸ்டரைட், டூட்டாஸ்டரைட். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். சுரப்பி ஏறத்தாழ கால் பங்கு சுருங்கும். பெரிய சுரப்பிக்குத்தான் இதனால் லாபம். சிலருக்கு ஆசை குறையும். இன்னொன்று, இது பி.எஸ்.ஏ. எண்ணைப் பாதியாகக் காட்டும். மாத்திரை சாப்பிடுகிறவரின் 3 என்பது உண்மையில் 6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதை அறியாத ஒரு கிளினிக்கில் ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லி அனுப்பிவிடக்கூடும். ஆகவே மாத்திரையின் பெயரை நாமே சொல்லிவிடுவது நல்லது.

கோயில் வாசலில் ஒருவர் புட்டியில் சா பால்மெட்டோ விற்றுக்கொண்டிருந்தார், இயற்கை மருந்து என்று. 2006இல் அமெரிக்காவில் 225 பேரை வைத்து ஓராண்டு செய்த ஆய்வில், அதற்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை என்று வந்துவிட்டது. அவரிடம் சொன்னேன். ‘சார், இது வேற கம்பெனி’ என்றார்.

மச்சானின் வழி மாத்திரைதான். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு வகை ரத்த மாத்திரை ஓடுகிறது. ஒரு ராத்திரி சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். மூக்கடைப்பைத் திறக்கிற சில மருந்துகள் மூத்திரப்பையின் கழுத்தை இறுக்கிவிடும். இரண்டு மணிக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அவசரப் பிரிவில் சிறுநீர் வடிய டியூப் போட்டதும்தான் மனிதர் மூச்சுவிட்டார். டாம்சுலோசின் ஆரம்பித்துச் சில நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்த்தார்கள், தானாகப் போனது. அவர் நிலையில், ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் நிறையாமல் ரத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஆபரேஷன் என்பது இதயத்தோடு சூதாடுவது. அதனால் மாத்திரையில் காத்திருக்கிறார். அவருக்கு இன்னொரு தடையும் இருந்தது. இதே புரோஸ்டேட்டுக்குத் தினமும் 5 மில்லிகிராம் டாடாலாஃபில் சிலருக்குத் தருகிறார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை சட்டைப்பையில் இருப்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது, ரத்த அழுத்தம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கிவிடும்.

துருவுவது, கழற்றுவது, ஒதுக்கிக் கட்டுவது

மாத்திரை போதாதவர்களுக்குத்தான் உண்மையான குழப்பம். நான் தேங்காயை வைத்துப் புரிந்துகொண்டேன்.

டி.யு.ஆர்.பி. என்பது தேங்காயை உள்ளிருந்து துருவுவது. முதுகில் மரப்பூசி போட்டு, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, மின்கம்பி வளையத்தால் சீவிச் சீவி எடுப்பார்கள். வெளியே தையல் கிடையாது. ஒரு மணி நேர வேலை, இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரி, டியூப். அமெரிக்காவில் 1920களிலும் 30களிலும் உருவான கருவியின் பேரப்பிள்ளைதான் இன்றும் கையில் இருக்கிறது. பழையது என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். புதிதாக வருகிற ஒவ்வொன்றையும் இதோடுதான் ஒப்பிட்டு அளக்கிறார்கள். முன்பெல்லாம் கழுவுவதற்குக் கிளைசின் கலந்த நீர் ஓடும். அது ரத்தத்தில் கலந்து உப்பளவைக் குறைத்து ஆளை மயக்கிவிடும் ஆபத்து இருந்தது. இப்போது ‘பைபோலார்’ முறையில் சாதாரண உப்புநீர்தான், அந்தப் பயம் ஏறக்குறையப் போய்விட்டது. 30 முதல் 80 மில்லி வரை இதற்கு வசதியான அளவு.

ஹோலெப் என்பது துருவாமல், ஓட்டிலிருந்து தேங்காயை முழுசாகக் கழற்றுவது. ஹோல்மியம் லேசரால் சுரப்பியின் உள்சதையை அதன் உறையிலிருந்து பிரித்து, மூத்திரப்பைக்குள் தள்ளி, அங்கே வைத்து நறுக்கி உறிஞ்சி எடுப்பார்கள். நியூசிலாந்தின் டௌரங்கா ஊரில் பீட்டர் கில்லிங் குழுவினர் 1990களில் வளர்த்த முறை. சுரப்பி எவ்வளவு பெரிதானாலும் செய்யலாம். 150 மில்லி என்றாலும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ரத்தப்போக்கு குறைவு, டியூபைச் சீக்கிரம் எடுத்துவிடலாம், மறுபடி வளர்ந்து தொல்லை தருவது மிக அரிது. எடுத்த சதையைப் புற்றுநோய் இருக்கிறதா என்று பரிசோதனைக்கும் அனுப்பலாம். குறை என்ன? கற்றுக்கொள்வது கடினம். கை படிய ஏறத்தாழ 50 கேஸ் வேண்டும் என்பார்கள். ஆரம்ப வாரங்களில் இருமினால், தும்மினால் கசியும். பெரும்பாலோருக்கு அது சரியாகிவிடும்.

கிரீன்லைட் லேசர் என்று ஒன்று. ரத்தத்தின் சிவப்பு உறிஞ்சுகிற பச்சை ஒளியால் சதையை ஆவியாக்குவது. ரத்த மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு உதவும். பரிசோதனைக்கு அனுப்பச் சதை மிஞ்சாது.

இனி, சிறிய முறைகள். யூரோலிஃப்ட் எதையும் வெட்டுவதில்லை. ஜன்னல் திரையை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கயிறு போட்டுக் கட்டுகிற மாதிரி, சுரப்பியின் இரண்டு மடல்களையும் சின்ன உலோகப் பிடிகளால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். சராசரியாக நான்கைந்து பிடி. 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம், டியூப் தேவைப்படாதவர்களும் உண்டு. 206 பேரை வைத்து நடந்த ஆய்வில் யூரோலிஃப்ட் செய்துகொண்டவர்களில் ஐந்து ஆண்டுக்குள் 13.6 சதவீதம் பேருக்கு மறுபடி ஏதாவது செய்ய வேண்டிவந்தது. பெரிய சுரப்பிக்கும், துருத்தி நிற்கும் நடு மடலுக்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது. பின்னால் எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்தப் பிடிகள் படத்தில் நிழல் போடும்.

ரெஸூம் என்பது நீராவி. நம் வீட்டில் சளிக்கு ஆவி பிடிப்போம்; இங்கே சுரப்பிக்குள்ளேயே ஊசியால் ஆவி விடுகிறார்கள், ஒவ்வொரு தடவையும் 9 விநாடி. வெந்த சதை சில வாரங்களில் தானாகக் கரைந்துபோகும். நடு மடலையும் தொடலாம் என்பது இதன் பலம். 2015இல் வந்தது. ஐந்து ஆண்டுக் கணக்கில் 4.4 சதவீதம் பேருக்கே மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆனால் இதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிற ஒரு பகுதி இருக்கிறது. முதல் இரண்டு மூன்று வாரம் நிலைமை முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். வீக்கம் வடியும்வரை பல நாள் டியூபோடு இருக்க வேண்டும், எரிச்சல், அவசரம் எல்லாம் உண்டு. முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். டி.யு.ஆர்.பி. செய்தவர் இரண்டு மூன்று நாளில் டியூபைக் கழற்றிவிட்டு நடக்கும்போது, ‘சிறிய முறை’ செய்தவர் சிறுநீர் சேரும் பையைக் காலில் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார். துளை சின்னதாக இருந்தால் தொல்லையும் சின்னது என்று அர்த்தமில்லை.

அக்வாப்லேஷன் என்பது ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ரோபோ விடும் தண்ணீர்ப் பீச்சு. வெப்பம் கிடையாது, விந்துப் பாதையை விலக்கி வெட்டுகிறது. இதற்குப் பொது மயக்க மருந்தோ முதுகு ஊசியோ வேண்டும். அப்புறம் புரோஸ்டேட்டுக்குப் போகும் ரத்தக்குழாயையே அடைக்கும் முறை. அதைச் செய்பவர் யூரோலஜிஸ்ட் இல்லை, கதிரியக்கப் பிரிவின் நிபுணர். தொடையிலோ மணிக்கட்டிலோ இருந்து நூல்போன்ற குழாயை விடுவார். மயக்கம் தாங்காத உடம்புக்கு இது ஒரு வழி. மச்சான் ஒரு வருடம் முடிந்ததும் இதையும் விசாரிப்பதாக இருக்கிறார்.

மேசையில் யாரும் கேட்காத கேள்வி

கேட்கிறேன். ‘அது’ போய்விடுமா?

இரண்டு விஷயத்தை நம் ஆட்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். விறைப்பு வேறு, விந்து வெளிவருவது வேறு. டி.யு.ஆர்.பி., ஹோலெப் இரண்டிலும் விறைப்பு பெரும்பாலோருக்கு முன்பு இருந்தபடியே இருக்கும். மாறுவது இரண்டாவது. பையின் கழுத்து திறந்துவிடுவதால் விந்து முன்னால் வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய்விடும், பிறகு சிறுநீரோடு வெளியேறும். டி.யு.ஆர்.பி. செய்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு இப்படித்தான். ஹோலெப்பில் அதற்குக் குறையாது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. 67 வயதில் நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. என் மனைவியிடம் கேட்டேன், ‘நீங்கள் ராத்திரி ஐந்து தடவை விளக்கைப் போடாமல் இருந்தால் அதுவே போதும்’ என்றாள். ஆனால் 54 வயதில் அந்தக் கணக்கு வேறு. யூரோலிஃப்ட்டில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை, ரெஸூமில் மிகக் குறைவு. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும்; அக்வாப்லேஷனை டி.யு.ஆர்.பி.யோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வில் இதற்குப் 10 சதவீதம், அதற்கு 36 சதவீதம் என்று வந்தது. சிறிய முறைகளின் உண்மையான விலைமதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஓட்டத்தின் வேகத்தை மட்டும் பார்த்தால் பழைய துருவல்தான் ஜெயிக்கும்.

தம்பிக்கு இதுதான் முக்கியமாக இருந்தது. டாம்சுலோசினே அவருக்கு அந்தத் தொல்லையைக் கொடுத்தது. அந்த மாத்திரைக்கும் அது உண்டு, பலரும் சொல்வதில்லை. வீட்டில் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஈப்போவுக்குப் போகிற வழியில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒவ்வொன்றிலும் லோரியை நிறுத்திக்கொண்டிருந்தார். சுரப்பி 45 மில்லி, நடு மடல் இல்லை. ரெஸூமா யூரோலிஃப்ட்டா? நான் ரெஸூம் என்றேன், மறுபடி ஆபரேஷன் வாய்ப்பு குறைவு என்பதால். அவர் யூரோலிஃப்ட் எடுத்தார். ‘அண்ணே, டியூபோட நான் எப்படி லோரி ஏறுவேன்? ஒரு வாரம் ஓடலேன்னா யார் காசு குடுப்பா? அஞ்சு வருஷம் தாங்கினா போதும், லோரி டயரே அவ்வளவு தாங்காது.’ அவர் கணக்கு சரி. நான் பென்ஷன்காரன் கணக்குப் போட்டிருந்தேன்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூரோலிஃப்ட்டில் பிடிகளுக்குத் தனித்தனியாக விலை. ரெஸூமின் ஆவி ஊசி ஒரு தடவைக்குமேல் பயன்படாது, அக்வாப்லேஷனின் கைப்பிடியும் அப்படியே. துருவல் வளையம் மலிவு. ‘சின்ன’ முறைக்குத் தனியாரில் ரசீது பெரிதாக வருவதற்குக் காரணம் இதுதான். நம் நாட்டில் தனியார் டாக்டரின் கட்டணத்துக்குச் சட்டப்படி அட்டவணை உண்டு. ஆஸ்பத்திரி தன் பங்குக்குப் போடுகிற பொருள், அறை, தியேட்டர் செலவுகளுக்கு அது பொருந்தாது. ஆகவே ‘டாக்டர் ஃபீஸ் எவ்வளவு’ என்று கேட்டுப் பயனில்லை. மொத்த மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். மெடிக்கல் கார்ட் இருந்தால், புதிய முறையை ஏற்றுக்கொள்கிறார்களா என்று காப்புறுதிக் கம்பெனியிடமிருந்தும் எழுத்தில் வாங்குங்கள். தம்பி வாங்கினார். வாங்காமல் போன இன்னொருவரின் கதையை இங்கே சொல்ல வேண்டாம்.

யார் கையில்?

உண்மையில் எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். முறையைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆளைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

‘கிட்னி டாக்டர்’ என்று நாம் சொல்வதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். டயாலிசிஸ் பார்ப்பவர் நெஃப்ராலஜிஸ்ட், கத்தி பிடிக்காதவர். நமக்கு வேண்டியது யூரோலஜிஸ்ட். மலேசியாவில் ஒருவர் யூரோலஜிஸ்ட் ஆக, மருத்துவப் படிப்பு, ஹவுஸ்மேன், கட்டாயச் சேவை, பொது அறுவை மருத்துவத்தில் நான்கு ஆண்டு மேற்படிப்பு, அதன்மேல் இன்னும் சில ஆண்டு யூரோலஜி என்று வழக்கமாகப் போகும். கூட்டிப் பார்த்தால் 15 ஆண்டுக்குக் குறையாது. மலேசிய மருத்துவ மன்றத்தின் கீழ் தேசிய நிபுணர் பதிவேடு இருக்கிறது. இணையத்தில் பெயரைப் போட்டால் எந்தத் துறையில் பதிவானவர் என்று காட்டும். இரண்டு நிமிட வேலை. சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும் சான்றிதழைவிட இது நம்பகமானது.

ஆனால் பட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் அதற்கு அப்புறம் அவர் எங்கே, எதில் சிறப்புப் பயிற்சி எடுத்தார் என்பதில். ஒருவர் கல்லுக்கு, ஒருவர் புற்றுநோய்க்கும் ரோபோவுக்கும், ஒருவர் லேசருக்கு. தச்சனிடம் போனால் மரத்தில் செய்யலாம் என்பான், கொல்லனிடம் போனால் இரும்பில் என்பான். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு அப்படித்தான் நடந்தது. நல்ல மனிதர், அன்பாகப் பேசினார். பத்து நிமிடத்தில் வண்ணத் தாளை எடுத்து ரெஸூம் என்றார். 74 மில்லி, நடு மடல், எல்லாம் அதற்கு உட்பட்டதுதான், தவறான யோசனை இல்லை. ஹோலெப் பற்றிக் கேட்டேன். ‘அதில் ரத்தம் அதிகம் போகும், பழைய முறை’ என்றார். நான் படித்தது நேர்மாறாக இருந்தது. வெளியே வந்து நர்ஸிடம் மெதுவாக விசாரித்தேன். அங்கே அந்த லேசரே இல்லை.

பிறகு அரசாங்கப் பொது மருத்துவமனை. அரசாங்க டாக்டரின் கடிதம் இருந்தால் நிபுணர் கிளினிக்குக் கட்டணம் மிகக் குறைவு. பென்ஷன் அட்டை இருப்பதால் எனக்கு அதுவும் இல்லை. காலை ஏழு மணிக்கு நம்பர் எடுத்து, உள்ளே போகும்போது பதினொன்றரை. இடையில் எத்தனை தடவை கழிப்பறைக்கு ஓடினேன், ஓடும்போது நம்பர் போய்விடுமோ என்று எத்தனை தடவை பயந்தேன் என்பது யூரோலஜி கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்கு மட்டும் புரிகிற நகைச்சுவை. டாக்டர் களைத்திருந்தார். எண்களைப் பார்த்தார். நான் தயாரித்துப் போன கேள்வியைக் கேட்டேன்: ‘டாக்டர், போன வருடம் இதை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்?’

கோபப்படுவாரோ என்று பயந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், ‘துருவல் வாரத்துக்கு இரண்டு மூன்று வரும், ஐயா. எத்தனையோ வருடமாகச் செய்கிறேன். உங்கள் அளவுக்கு ஹோலெப் இன்னும் நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் நான் அதில் இன்னும் புதியவன். வேண்டுமென்றால் அதிகம் செய்கிறவருக்குக் கோலாலம்பூரில் கடிதம் தருகிறேன்.’

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். கோலாலம்பூரில் மகன் இருக்கிறான், தங்க இடம் இருக்கிறது. ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் நாலு மணி நேரம், ஆபரேஷனுக்குப் பின் மறுபடி வர, மறுபரிசோதனைக்கு மறுபடி போக. இரண்டு வாரம் ஆனதும் உள்காயத்தின் பொருக்கு உதிர்ந்து ஒரு நாள் சிறுநீர் சிவக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்; பலரும் அதைப் பார்த்துப் பதறி ஓடுவார்கள். அந்த நாளில் என் டாக்டர் இங்கேயே, பொது மருத்துவமனை இருக்கும் ஜாலான் ரெசிடென்சியில் இருப்பது நல்லதா, 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது நல்லதா? 74 மில்லி பைபோலார் துருவலுக்கு மேல்விளிம்பு, ஆனால் விளிம்புக்கு உள்ளேதான். 110 என்றிருந்தால் ரயில் ஏறியிருப்பேன்.

துருவலுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். இதிலும் விட்டுக்கொடுத்தது உண்டு. அரசாங்க மருத்துவமனையில் இன்ன டாக்டர்தான் செய்ய வேண்டும் என்று நாம் எழுதி வாங்க முடியாது. அவர் பக்கத்தில் நிற்க, பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர் செய்யலாம். மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்குத்தான் தனியாரில் காசு கொடுக்கிறோம். கையில் பணமும், மூன்று நான்கு யூரோலஜிஸ்ட்டுகளைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பொறுமையும் இருப்பவர்களுக்கு அது நியாயமான செலவுதான்.

தேதி கொடுக்கும் மேசையில் இருந்த பெண் இரண்டு நாட்களைக் காட்டினார். ஒன்று தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஒன்று அதற்குப் பிறகு. ஆபரேஷன் செய்தால் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. முன்பு என்றால் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் பால்குடத்தோடு ஏற முடியாது. பின்பு என்றால் இன்னொரு தைப்பூசத்தை அந்தக் கூட்டத்தில், ஒதுங்க இடம் தேடிக்கொண்டு கழிக்க வேண்டும். போன வருடம் பாதிப் படியில் பட்ட பாடு எனக்கும் முருகனுக்கும்தான் தெரியும். முன் தேதியை எழுதச் சொன்னேன். மேசையில் மூவரும் பேசி வைத்திருக்கிறோம்: இந்த வருடம் அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிற வேலை எனக்கு. குடிக்கவும் செய்வேன் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்.